கம்பளைக்கு இரண்டு சீட்டு

சஹனைப் பார்த்திராதவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அலுமினியத்தில் செய்த பெரிய வட்டத் தட்டு அது. நடுவில் நெய்ச்சோற்றைக் குவித்து, மேலே கோழியும் கறிகளும் வைத்து, மூடி போட்டுக் கொண்டுவருவார்கள். ஆறு பேர் சுற்றிலும் பாயில் உட்கார்ந்து ஒரே தட்டில் அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுவார்கள். கண்டியைச் சுற்றியுள்ள முஸ்லிம் வீடுகளில் கல்யாணச் சாப்பாடு என்றால் அது சஹனில்தான். ஆளுக்கொரு பீங்கானில் போட்டுக் கொடுத்தால் மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பேரப்பிள்ளை பிறக்கும்வரை அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

நான் வேலை செய்தது இந்தச் சஹன்களை வாடகைக்கு விடும் கடையில். கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வீதியில் இருந்தது. முன்னால் கடை, பின்னால் முதலாளியின் வீடு, மேலே வாடகைக்கு விட்ட அறைகள். சஹன், மூடி, சோறாக்கும் கிடாரம், பாய், கதிரை எல்லாம் என் பொறுப்பு. சாக்கில் கட்டி அனுப்புவதும், திரும்பி வந்தால் கழுவித் துடைத்து அடுக்குவதும் நான்தான்.

தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்திருந்தேன். தமிழ் எழுத வாசிக்க வரும். ஆங்கிலத்தில் எழுத்துகள் மட்டும் தெரியும். கூட்டல் கழித்தல் மனதுக்குள் ஓடும். வராதது பேச்சு ஒன்றுதான். கடைக்கு ஆள் வந்தால் சாமான் அறைக்குள் போய்விடுவேன். டெலிபோன் அடித்தால், அது அடித்து ஓயும்வரை ஏதாவது ஒரு கிடாரத்தைத் துடைத்துக்கொண்டிருப்பேன். நாற்பது வயதைத் தாண்டியும் அப்படித்தான் இருந்தேன். முதலாளி ஆட்களிடம் சொல்லிச் சிரிப்பார்: "எண்ட கடையில ரெண்டு ஊமை ஈக்கி. ஒண்டு கிடாரம். மத்தது இவரு."

எனக்குக் கோபம் வராது. அவர் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொள்வேன்.

மேல்மாடி அறை ஒன்றில் யாழ்ப்பாணத்து மிஸ் ஒருவர் தங்கியிருந்தார். சண்டையில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து கடைசியில் கண்டிக்கு வந்தவர். டவுனில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் படிப்பித்தார். அந்த வகுப்புக்குப் புது மெஷின்கள் வந்தபோது பழையது ஒன்றை முதலாளி மலிவாக வாங்கிவிட்டார். கடை மேசையில் வைத்து, பூப்போட்ட துணியால் மூடி, யாரும் தொடக்கூடாது என்றார். யாரும் தொடவில்லை. வருகிறவர்கள் துணியை மட்டும் பார்த்து, "ஆ, கம்ப்யூட்டர்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். முதலாளிக்கு அதுவே போதுமாக இருந்தது.

அந்த வருஷம் மலைநாட்டில் கலவரம் வெடித்தது. ஒரு பகல் வேளையில் வீதியில் கடைக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக இழுத்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு ஊரடங்குச் சட்டம் என்றார்கள். நான் மஹியாவையில் இருந்த என் அறைக்குப் போகப் பையை எடுத்தேன். முதலாளி பையைப் பிடுங்கிக் கதிரையில் போட்டார்.

"நீங்க இப்ப தெருவுல எறங்க ஏலா. இங்கினயே இரிங்க. எங்கட ஊட்டுச் சோறு ஒங்களுக்கு எறங்காதா?"

மிஸ்ஸும் மேலே அகப்பட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் முதலாளியின் மனைவியிடம் பேசிக்கொண்டே கீழே இறங்கி வந்தவர், மேசையைப் பார்த்து நின்றார்.

"உது ஏன் அண்ணை மூடிக் கிடக்கு?"

"முதலாளி தொடக்கூடாதுன்னாருங்க."

"ஹாஜியார், நான் உந்தக் கம்ப்யூட்டரை ஒருக்காப் போட்டுப் பாக்கட்டோ?" என்று முதலாளியிடம் கேட்டார்.

கடை மூடிக் கிடந்ததில் முதலாளிக்கு இருப்புக்கொள்ளவில்லை. "போடுங்க மிஸ். எங்களுக்குத்தான் வேல இல்ல. அதாவது செய்யட்டும்" என்றார்.

இப்படித்தான் என் படிப்பு ஆரம்பமாயிற்று. ஊரே அடைந்து கிடந்த நாட்களில், பூட்டிய கடைக்குள், முதலாளியின் மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைக்க வைக்க நான் படித்தேன். மிஸ் விசைகளில் சின்னச் சின்னத் துண்டுகளாகத் தமிழ் எழுத்துகளை ஒட்டித் தந்தார். திரையில் கட்டம் கட்டமாக ஒரு தாள் வந்தது. மேலே ஏ, பி, சி என்று எழுத்து. பக்கத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு விலாசம் இருந்தது.

"பீ ரெண்டில என்ன இருக்கு, பீ மூண்டில என்ன இருக்கு எண்டு நீங்கள் யோசிக்கத் தேவையில்லை அண்ணை. அந்த ரெண்டு விலாசத்தையும் கூட்டச் சொல்லுங்கோ. சூத்திரம் எண்டுறது அவ்வளவுதான்."

நான் இரண்டு கட்டத்தில் இரண்டு எண்ணை அடித்தேன். மூன்றாவது கட்டத்தில் B2+B3 என்று அடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நான் எழுதியதையே அது எனக்குத் திருப்பிக் காட்டியது. படிப்பில்லாதவன் என்று அதற்கும் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

மிஸ் சிரித்தார். "முன்னால சமன் குறியைப் போடுங்கோ. போட்டால்தான் நீங்கள் கேள்வி கேக்கிறியள் எண்டு அதுக்கு விளங்கும்."

=B2+B3 என்று அடித்தேன். விடை வந்தது. அதில் ஆச்சரியம் இல்லை. அந்தக் கூட்டலை நான் முன்பே மனதில் போட்டு முடித்திருந்தேன். பிறகு மிஸ் மேலே உள்ள எண்ணை மட்டும் மாற்றச் சொன்னார். மாற்றினேன். கீழே இருந்த விடை தானாக மாறியது. யாரும் அதைத் தொடவில்லை. நான் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"என்ன, மெஷின் சூடாகிட்டா?" என்று முதலாளி ஓடிவந்தார்.

ஒவ்வொரு கட்டமாகக் கூட்டாமல், SUM என்று மூன்று எழுத்தைப் போட்டு முதல் கட்டத்தையும் கடைசிக் கட்டத்தையும் சொன்னால் இடையில் உள்ளது எல்லாவற்றையும் கூட்டித் தரும் என்று அடுத்ததாகப் படித்தேன். உடனே கடையில் உள்ள சாமான் எல்லாவற்றையும் வரிசையாக அடித்தேன். அதில் சஹனையும் மூடியையும் கிடாரத்தையும் பாயையும் ஒரே வரிசையில் போட்டுக் கூட்டிவிட்டேன். மேல் வரியில் சஹன் என்று தலைப்பு இருந்தது. முதலாளி கடைசி எண்ணைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"யா அல்லாஹ்! எனக்கு இவ்வளவு சஹன் ஈக்கா? எங்க ஒளிச்சி வெச்சீக்கிறீங்க தம்பி?"

"கூட்டச் சொன்னால் அது கூட்டும்" என்றார் மிஸ். "எதை எதோடை கூட்டலாம் எண்டு நாங்கள்தான் யோசிக்க வேணும்."

அதன் பிறகு ஒப்பிடுவதைச் சொல்லித்தந்தார். ஒரு கட்டத்தில் உள்ளது மற்றக் கட்டத்தில் உள்ளதைவிடப் பெரிதா, சிறிதா, இரண்டும் சமமா என்று கேட்கலாம். ஆம் என்றால் TRUE என்றும், இல்லை என்றால் FALSE என்றும் சொன்னது. அந்த இரண்டு சொல்லையும் எழுத்துக்கூட்டி, அவற்றின் வடிவத்தை மனதில் பதித்துக்கொண்டேன். வேண்டுமானால் அந்தச் சொற்களுக்குப் பதிலாக நமக்குப் பிடித்த சொல்லையே சொல்ல வைக்கலாம் என்றார் மிஸ். அது எனக்கு மிகவும் பிடித்தது. கடையில் இருக்கும் சஹன், கேட்ட சஹனுக்குச் சமம் அல்லது கூட என்றால் "போதும்", இல்லாவிட்டால் "போதாது" என்று வரும்படி ஒரு கட்டம் செய்தேன். இனி யாராவது வந்து சஹன் இருக்கிறதா என்று கேட்டால் நான் வாயைத் திறக்க வேண்டாம். திரையைத் திருப்பிக் காட்டினால் போதும்.

கடைசியாகப் படித்தது இணைப்பது. முறுக்கிய கயிறு மாதிரி & என்று ஒரு குறி. =A2&B2&C2 என்று அடித்தால் மூன்று கட்டத்தில் உள்ள எழுத்துகளையும் ஒரே கட்டத்தில் சேர்த்து எழுதித் தரும். இதைக் கொண்டு என்ன செய்வது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. மிஸ்தான் சொன்னார், "சாக்கில கட்டுற சீட்டு எழுதுறியளெல்லே? ஊர், தெரு, நேரம். உந்த மூண்டையும் சேர்த்தால் அதுதான் சீட்டு."

பிறகு பகலில் ஊரடங்கைத் தளர்த்தினார்கள். பொழுது சாய்ந்தால் மறுபடி மூட வேண்டும். ஆனால் பகல் நமக்குக் கிடைத்துவிட்டது. தள்ளிப்போட்டிருந்த கல்யாணங்கள் எல்லாம் வந்த ஞாயிற்றுக்கிழமைப் பகல் ஒன்றின் மீதே வந்து விழுந்தன. இரவுக் கல்யாணம் வைக்க வழியில்லை. அடுத்த கிழமை என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் எல்லோருக்கும் அதே ஞாயிறு, அதே மதியம்.

டெலிபோன் ஓயாமல் அடித்தது. முதலாளி எடுத்துக் கத்துவார், நான் அடிப்பேன். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்குக் கல்யாணம் என்று நாங்கள் கேட்பதில்லை. வீட்டுப் பெண்பிள்ளையின் பெயரைக் கடைத்தெருவில் வைத்துச் சொல்லமாட்டார்கள். கேட்பதும் மரியாதை இல்லை. சொல்ல வருகிறவர் யாரோ, அவர் பெயரில் சஹன் எழுதுவோம். வாப்பா வந்தால் வாப்பா பெயர். மாமா வந்தால் மாமா பெயர். அதோடு ஊர், தெரு, நேரம், எத்தனை சஹன். அவ்வளவுதான். எல்லாம் அடித்து முடித்தபோது மொத்தம் இருநூற்று ஐந்து. கடையில் இருந்தது இருநூற்றுப் பத்து. கட்டத்தில் "போதும்" என்று இருந்தது. முதலாளி நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டார்.

சனிக்கிழமை காலையில் ஒருவர் படியேறி வந்தார். கலகெதரக்காரர். பல்லேகலையில் ஒரு கார்மென்ட் பெக்டரியில் துணி வெட்டும் வேலை. கழுத்தில் அளவு நாடாவைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தார். நான் வழக்கம்போல் சாமான் அறைப் பக்கம் நகர்ந்தேன்.

"ஹாஜியார், நாளைக்கி முப்பது சஹன் வேணும்."

"நாளைக்கா? நானா, நீங்க என்ன கனவுல ஈக்கிறீங்களா?"

அவர் நின்றபடியே சொன்னார். மகளுடைய நிக்காஹ் வியாழக்கிழமை நடக்க வேண்டியது, ஊரடங்கில் நின்றுபோயிற்று. மாப்பிள்ளை சவூதியில் வேலை. லீவு முடிந்துவிட்டது. திங்கட்கிழமை பிளேன் ஏற வேண்டும். இந்த ஞாயிறு தவறினால் அவர் திரும்பி வர இரண்டு வருஷம் ஆகும்.

"ரெண்டு வருஷத்துல என்ன நடக்கும், யார் மனசு எப்படி மாறும், யாருக்குத் தெரியும் ஹாஜியார்? நான் வேற கடையிலதான் சஹன் சொல்லியிருந்த. கலவரத்துல அந்தக் கடைய எரிச்சிட்டாங்க. நேத்துப் போய்ப் பாத்தேன். சஹன் எல்லாம் உருகிப் போய் ஈக்கி."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் வந்து புது வரி ஒன்று சேர்த்து முப்பது என்று அடித்தேன். "போதும்" என்று இருந்தது "போதாது" என்று மாறிவிட்டது. என் கையால் அதைச் செய்தது மாதிரி இருந்தது எனக்கு.

முதலாளி திரையை ஒரு தடவை பார்த்தார். பிறகு அந்த மனிதரைப் பார்த்தார். "இருபத்தஞ்சி கொறையிது நானா. நான் எந்த ஊட்டுல போய் அஞ்சைக் கொறைங்க, பத்தைக் கொறைங்க எண்டு சொல்ற? எல்லாருக்கும் வாக்குக் குடுத்தீக்கி."

"சஹனுக்கு ஏழு பேர உக்கார வெச்சா?" என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

"ஏழு பேரு கைய வெச்சா சோத்த விடக் கைதான் கூட ஈக்கும்" என்றார் கலகெதரக்காரர். இந்த நிலையிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "பீங்கான்ல குடுத்தா மாப்புள ஊட்டாக்கள் ஏறமாட்டாங்க. ஏற்கெனவே அவங்கட சாச்சா, 'ஊருல கலவரம், இப்ப என்ன அவசரம், பொறகு பாப்போம்' எண்டு சொல்லிட்டுத் திரியிறாரு. ஒரு சாட்டுத்தான் அவருக்கு வேணும்."

முதலாளி அவரை இருக்கச் சொன்னார். தெரிந்த வேறு கடைகளுக்கு எல்லாம் போன் போட்டார். எங்கும் இல்லை. பாங்கு சொன்னதும், "தொழுதிட்டு வந்து இன்னொருக்கா யோசிப்போம்" என்று பள்ளிவாசலுக்குப் போனார். அந்த மனிதர் போகவில்லை. கதவோரத்தில் கதிரையில் இருந்து, அளவு நாடாவை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். அவரைப் பார்க்க முடியாமல் நான் சீட்டு எழுத உட்கார்ந்தேன்.

சீட்டு என்பது சின்ன மட்டைத் துண்டு. மிஸ் சொன்னபடி ஊரையும் தெருவையும் நேரத்தையும் இணைத்த கட்டங்களை வரிசையாகச் செய்திருந்தேன். அதைப் பார்த்து மட்டையில் எழுதிச் சாக்கில் கட்ட வேண்டும். கம்பளைக்கு மட்டும் நாலு வீடு. கம்பளை, பள்ளி ஒழுங்கை, பகல் பன்னிரண்டரை என்று எழுதினேன். இன்னும் சில எழுதினேன். பிறகு மறுபடியும் கம்பளை, பள்ளி ஒழுங்கை, பகல் பன்னிரண்டரை என்று எழுதிக்கொண்டிருந்தேன். அடடா, ஒரே வரியை இரண்டு தடவை எழுதிவிட்டேன் என்று மட்டையைக் கிழிக்கப் போனேன். கிழிக்கும் முன்னால் திரையைப் பார்த்தேன். அங்கே இரண்டு வரி இருந்தன. ஒன்று மேலே, நாற்பது சஹன், லொறி முதலாளி ஒருவர் பெயரில். மற்றது கீழே, நாற்பத்தைந்து, பேக்கரிக்காரர் ஒருவர் பெயரில். நாங்கள் எப்போதும் பெயரைத்தான் பார்ப்போம். பெயர் வேறு என்றால் வீடு வேறு. அதனால் யார் கண்ணிலும் படவில்லை.

என் கண்ணை நான் நம்பவில்லை. காலியாக இருந்த கட்டத்தில் =F4=F11 என்று அடித்தேன். TRUE என்று வந்தது. வடிவத்தைப் பார்த்தே தெரிந்தது.

மிஸ்ஸைக் கூப்பிட்டேன். மேலே கேட்கும்படி சத்தமாகக் கூப்பிட்டேன் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவர் இறங்கி வந்து பார்த்தார்.

"மிஸ், ரெண்டும் ஒரே கல்யாணமுங்க!"

"பொறுங்கோ அண்ணை. ரெண்டு எழுத்தும் ஒண்டெண்டுதான் அது சொல்லுது. ஒரே கலியாணம் எண்டு அது சொல்லேல்லை. ஒரு ஒழுங்கையில ரெண்டு வீட்டிலயும் கலியாணம் நடக்கலாம்தானே? அதை ஆரையாவது கேக்க வேணும்."

லொறி முதலாளி வீட்டு டெலிபோன் நம்பர் இருந்தது. நான் நம்பரைப் பார்த்தேன். மிஸ்ஸைப் பார்த்தேன். மிஸ் தலையை ஆட்டினார்.

"நான் கேட்டால் என்ரை யாழ்ப்பாணத் தமிழைக் கேட்டதும் ஆர், எவடம், ஏன் கேக்கிறாய் எண்டு பயந்துபோவினம். இப்பத்தையான் நிலைமை உங்களுக்குத் தெரியும். நீங்கள்தான் கேக்க வேணும்."

முதலாளி வரட்டும் என்று சொல்லலாம். ஆனால் அதற்குள் அந்த மனிதர் எழுந்துவிட்டார். "சரி தம்பி, நான் போறேன். பஸ் நிண்டுரும்" என்றார்.

"இருங்க நானா!" என்றேன். ரிசீவரை எடுத்தேன். நம்பரை அழுத்தினேன். மணி அடித்தது. ஒரு பெண்குரல் எடுத்தது.

"ஹலோ, யாரு?"

"சஹன் கடையிலிருந்து பேசுறேங்க."

"சத்தமாப் பேசுங்க! இங்க கோழி கத்துது!"

"சஹன் கடைங்க!"

"அதுக்கென்ன இப்ப? சஹன் நாளைக்கித்தானே?"

"அம்மா, ஒங்க ஒழுங்கையில நாளைக்கு எத்தன கல்யாணங்க?"

"என்ன கேள்வி இது? யாரு நீங்க? எங்கட ஊட்டு விஷயம் ஒங்களுக்கு எதுக்கு?"

வேறு எந்த நாளாக இருந்தாலும் ரிசீவரை வைத்துவிட்டுச் சாமான் அறைக்குள் போயிருப்பேன். கதிரைக்குப் பக்கத்தில் அந்த மனிதர் நின்றுகொண்டிருந்தார். அவர் மூச்சு விடுவதுகூட எனக்குக் கேட்டது.

"கோவிச்சுக்காதீங்கம்மா. லொறி முதலாளி ஒருத்தரு நாப்பது சஹன் சொல்லியிருக்காரு. பேக்கரிக்காரர் ஒருத்தரு நாப்பத்தஞ்சு சொல்லியிருக்காரு. ரெண்டும் பள்ளி ஒழுங்கை, ரெண்டும் பன்னண்டரை. ரெண்டு வீடா, ஒரு வீடான்னு தெரியாம நிக்கிறோம்."

"பேக்கரி எங்கட நானா, கூடப் பொறந்தவரு. லொறி எங்கட ஊட்டுக்காரரு" என்று சொல்லத் தொடங்கியவர் நிறுத்தினார். பிறகு ஒரு கூச்சல் கேட்டது. "யா அல்லாஹ்! ரெண்டு பேரும் சொல்லிட்டாங்களா? கேட்டா ரெண்டு பேரும், 'நீ சும்மா இரி, சஹன நாங்க பாத்துக்கிறோம்' எண்டாங்க. இப்பிடியா பாக்கிற? எம்பத்தஞ்சி சஹன வெச்சி எங்க உக்கார வெக்கிற, மகாவலி ஆத்துக்குள்ளயா?"

வீட்டுக்குள் யாரையோ கூப்பிட்டு அதையே திரும்பச் சொன்னார். பல பெண்கள் சேர்ந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. நானும் சிரித்துவிட்டேன்.

"அப்ப எத்தன எழுதட்டுங்க?"

"நாப்பது போதும். எங்கட நானா எப்பவும் கூட்டித்தான் சொல்லுவாரு. அவர்ட நாப்பத்தஞ்ச வெட்டிப் போடுங்க. நீங்க கேட்டது நல்லம் தம்பி. இல்லாட்டி நாளைக்கி ரெண்டு பேரும் அடிபட்டுக்குவாங்க."

ரிசீவரை வைத்தேன். பேக்கரிக்காரர் வரியில் நாற்பத்தைந்தை அழித்துப் பூச்சியம் போட்டேன். கீழே மொத்தம் தானாக இறங்கியது. பக்கத்துக் கட்டத்தில் இருந்த சொல் மாறியது. நான் திரையை அப்படியே அந்த மனிதர் பக்கம் திருப்பினேன்.

அவர் குனிந்து வாசித்தார். பிறகு இன்னொரு தடவை வாசித்தார்.

"போதும் எண்டுதானே தம்பி போட்டீக்கி?"

"போதும் நானா. முப்பதும் ஒங்களுக்குத்தான். மூடியோட."

அவர் இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்துக்கொண்டார். அளவு நாடா என் முகத்தில் தொங்கியது. மிஸ் மேசையில் கையை அடித்துச் சிரித்தார். முதலாளி தொப்பியோடு திரும்பி வந்தபோது நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கதை சொல்லிக்கொண்டிருந்தோம். நான் பேசியதுதான் அதிகம் என்று பிறகு மிஸ் சொன்னார். முதலாளி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போன் எடுத்துப் பேசினது யாரு? இவரா?" என்று மட்டும் கேட்டார். பிறகு பூப்போட்ட துணியை எடுத்து மடித்து அலுமாரிக்குள் வைத்தார். அது மறுபடி வெளியில் வரவில்லை.

அன்று பின்னேரம், யாரும் சொல்லாமல் நானே ஒரு கட்டம் செய்தேன். கடையில் இருப்பதிலிருந்து கேட்ட மொத்தத்தைக் கழித்தேன். இருபது என்று வந்தது. அந்த இருபதையும் தனிச் சாக்கில் கட்டினேன். அதற்குச் சீட்டு எழுதவில்லை.

ஞாயிறு விடிந்ததும் கம்பளைக்கு ஒரு லொறி போயிற்று. கலகெதர லொறியில் நான் போனேன். கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் ஆமிக்காரர்கள் மறித்தார்கள். ஒருவன் சாக்கில் தொங்கிய சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஓர் ஊர், ஒரு தெரு, ஒரு நேரம். அந்த நாட்களில் தமிழன் ஒருவன் கையில் இருக்கக்கூடாத விஷயங்கள் இந்த மூன்றும்தான்; குண்டு வைக்கப் போகிறான் என்றுதான் நினைப்பார்கள். சீட்டில் இருந்த நேரத்தைக் காட்டி, பன்னிரண்டரைக்கு அங்கே என்ன நடக்கப்போகிறது என்று சிங்களத்தில் கேட்டான். டிரைவர் என்னைப் பார்த்தார். நான் கீழே இறங்கினேன். சாக்கை அவிழ்த்து ஒரு சஹனை எடுத்து வீதியில் வைத்தேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், கல்யாணம் என்றேன். ஆறு பேர் இதைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்று குந்தியிருந்து காட்டினேன். அவன் தன் கூட்டாளியைக் கூப்பிட்டு ஏதோ சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள். எங்களுக்கு ஒன்று இல்லையா என்று கேட்டுவிட்டு வழிவிட்டார்கள்.

கல்யாண வீட்டில் முற்றம் முழுக்கப் பாய் விரித்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள். பிறகு மூன்றாவது வேன் வந்தது. அதற்குப் பின்னால் ஒரு பஸ் வந்தது. ஊரடங்கில் நாள்கணக்காக அடைந்து கிடந்த சனம், வெளியே வரக் கிடைத்த முதல் கல்யாணத்தை விடுமா? அழைத்தவர்களும் வந்தார்கள், அழைக்காதவர்களும் வந்தார்கள். நிக்காஹ் முடிந்து சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் முப்பது சஹனையும் சுற்றி ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். பின்னால் இன்னும் ஒரு கூட்டம் நின்றது. கிடாரத்தில் சோறு இருந்தது, சஹன்தான் இல்லை. அந்தக் கூட்டத்தின் முன்னால் ஒரு வயதானவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவர்தான் அந்தச் சாச்சா என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

பெண்ணின் வாப்பா முற்றத்துக்கு நடுவில் நின்று என்னைத் தேடினார். புது சாரம், புது சட்டை. முகத்தில் இரத்தம் இல்லை.

"தம்பி!" என்று கூப்பிட்டார். பின்னால் நின்ற கூட்டத்தைக் கையால் காட்டினார்.

நான் லொறியின் மேல் நின்றுகொண்டிருந்தேன். மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் ஊரும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அத்தனை பேர் என்னைப் பார்த்தது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. நான் சீட்டில்லாத சாக்கை இழுத்து முன்னால் போட்டேன்.

"இருபது இருக்குதுங்க நானா! உக்காரச் சொல்லுங்க!"

என் குரல் எதிர் மேட்டில் பட்டுத் திரும்பி வந்தது. ஆட்கள் சிரித்துக்கொண்டே கை நீட்டினார்கள். நான் சஹன்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அவை தலைக்கு மேலே கைமாறிக் கைமாறிச் சமையல்கட்டுக்குப் போய், நெய்ச்சோற்றோடு ஆவி பறக்கத் திரும்பி வந்தன. முதல் சஹனைச் சாச்சாவின் முன்னால் வைத்தார்கள். அவர் பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்து, சட்டையின் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.